கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர்: நீங்களே மாற்றும் முறை

கியர் போடும்போது கரகரவென்று சத்தம் வருகிறது. ரிவர்ஸ் விழ மறுக்கிறது. சிக்னலில் நின்றபின் முதல் கியர் போட, பெடலை இரண்டு மூன்று முறை அமுக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்தப் புகார்களோடு ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறவர்களுக்குப் பல இடங்களில் கிடைக்கும் பதில், “கிளட்ச் செட் மாற்றணும்” என்பதுதான். அது கியர்பாக்ஸை இறக்கிச் செய்யும் பெரிய வேலை, பெரிய செலவு. பல வண்டிகளில் உண்மையான கோளாறு கியர்பாக்ஸுக்கு வெளியே, இரண்டு போல்ட்டில் தொங்கிக்கொண்டிருக்கும் சின்ன சிலிண்டரில் இருக்கிறது.

அதை மாற்ற ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் போதும். ஆனால் இந்த வேலையின் வெற்றி ஸ்பேனரில் இல்லை. கோளாறு அங்கேதான் இருக்கிறது என்று முதலில் உறுதி செய்வது, கடைசியில் குழாயில் உள்ள காற்றை முழுதாக வெளியேற்றுவது, இந்த இரண்டும்தான் வேலை. அதனால் இந்த அத்தியாயத்தில் அதிக இடத்தை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

பெடலுக்கும் கியருக்கும் நடுவே நடப்பது

பெடலை அமுக்கும்போது மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலைக் குழாய்க்குள் தள்ளுகிறது. அந்த அழுத்தம் கீழே உள்ள ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டனை வெளியே தள்ள, பிஸ்டன் முன்னால் உள்ள கம்பி கிளட்ச் ஃபோர்க்கைத் தள்ளுகிறது. ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கை நகர்த்த, பிரஷர் பிளேட் விலகி, எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் உள்ள பிடி விடுபடுகிறது. வழியில் ஆயில் கசிந்தாலோ காற்று நுழைந்தாலோ அந்தக் கம்பி போக வேண்டிய தூரம் போகாது. பிடி முழுதாக விடுபடாது. கியர் உரசும். தெரிந்துகொள்ள வேண்டிய தத்துவம் இவ்வளவுதான்.

இது எந்தக் கார்களுக்குப் பொருந்தும்?

சிலிண்டர் வெளியே இருக்கும் கார்களுக்கு மட்டும். டொயோட்டா குவாலிஸ், முதல் தலைமுறை இன்னோவா போன்ற வண்டிகளில் கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் பக்கவாட்டில், அடியிலிருந்து பார்த்தால் தெரியும். ஹோண்டா சிட்டி போன்ற முன்சக்கர இழுவைக் கார்களில் பொதுவாக பானட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றினால் மேலிருந்தே கை எட்டும். மாருதி 800, பழைய ஆல்ட்டோ போன்றவற்றில் ஹைட்ராலிக் கிடையாது, கேபிள்தான். அவற்றுக்கு இந்த அத்தியாயம் தேவையில்லை.

இன்னொரு வகை உண்டு. சிலிண்டரும் பேரிங்கும் ஒன்றாகச் சேர்ந்து, கியர்பாக்ஸ் ஷாஃப்டைச் சுற்றி பெல் ஹவுசிங்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். குழாய் நேராக ஹவுசிங்குக்குள் நுழைவதைப் பார்த்தால் உங்கள் கார் அந்த வகை. அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். வீட்டு வாசலில் அதைத் தொடாதீர்கள்.

பணம் கொடுத்து வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனைகள்

இவற்றை இதே வரிசையில் செய்யுங்கள். எதையும் கழற்ற வேண்டியதில்லை.

1. எஞ்சினை அணைத்துவிட்டு எல்லாக் கியர்களையும் போட்டுப் பாருங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, பெடலை முழுதாக அமுக்கிக்கொண்டு போட்டுப் பாருங்கள். அணைத்திருக்கும்போது சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால், கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. அணைத்திருக்கும்போதும் கடினமாக இருந்தால், கியர் லிங்கேஜையோ கியர் ஆயிலையோ பாருங்கள். ஸ்லேவ் சிலிண்டர் குற்றவாளி அல்ல.

2. ஆயில் டப்பாவைப் பாருங்கள். சில வண்டிகளில் கிளட்சுக்குத் தனி டப்பா, சிலவற்றில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பா. அளவு குறைந்துகொண்டே வந்தால் எங்கோ கசிகிறது. ஆயில் கறுத்துக் கலங்கியிருந்தால் ரப்பர் சீல் தேய்ந்து கரைந்துகொண்டிருக்கலாம்.

3. ஸ்லேவ் சிலிண்டரின் முனையில் உள்ள ரப்பர் உறையை மெதுவாக விலக்குங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சீல் போய்விட்டது. சொட்டுச் சொட்டாக ஒழுக வேண்டும் என்பதில்லை. உறைக்குள் ஈரமே போதிய சான்று. அந்த ஈரம் எஞ்சின் ஆயிலாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுங்கள். பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும். எஞ்சின் ஆயிலும் கியர் ஆயிலும் மிதக்கும்.

4. வண்டிக்குள் கிளட்ச் பெடலுக்கு மேலே, மாஸ்டர் சிலிண்டரின் கம்பி நுழையும் இடத்தைத் தடவிப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால் மாஸ்டரும் கசிகிறது. கால்மிதியும் நனைந்திருக்கும்.

5. எஞ்சின் அணைந்து, கியர் நியூட்ரலில் இருக்கும்போது ஒருவரைப் பெடலை அமுக்கச் சொல்லி, ஸ்லேவின் கம்பி எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். கையை உள்ளே விடாதீர்கள். ஃபோர்க்குக்கும் சிலிண்டருக்கும் நடுவே விரல் சிக்கினால் நசுங்கும். பல கார்களில் கம்பி 10 முதல் 15 மி.மீ. வரை நகரும், உங்கள் காரின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவே இறுதி. கம்பி சரியான தூரம் போயும் கியர் உரசினால் கோளாறு பெல் ஹவுசிங்குக்குள் இருக்கிறது. இந்த அத்தியாயத்தை மூடிவிட்டு நல்ல மெக்கானிக்கைத் தேடுங்கள்.

6. வெளியே எங்கும் கசிவே இல்லை, ஆயிலும் குறையவில்லை, ஆனால் பெடல் ஏமாற்றுகிறது என்றால் மாஸ்டரைச் சோதிக்க வேண்டும். முன்னால் யாரும் எதுவும் இல்லாத திறந்தவெளியில் வண்டியை நிறுத்துங்கள். பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி, கிளட்சை முழுதாக அமுக்கி, முதல் கியர் போட்டு, பெடலை அப்படியே பிடியுங்கள். சில விநாடிகளில் வண்டி முன்னே இழுக்கத் தொடங்கினால், அழுத்தம் மாஸ்டருக்குள்ளேயே பின்வாங்குகிறது. ஸ்லேவை மட்டும் மாற்றினால் இது தீராது.

*கவனிக்க:* ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் அது நேரெதிரான நோய். கிளட்ச் பிளேட் தேய்ந்து வழுக்குகிறது. கசியும் ஸ்லேவ் சிலிண்டரால் அப்படி வழுக்காது.

என்ன வாங்குவது?

கடையில் இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று முழு சிலிண்டர், மற்றொன்று உள்ளே உள்ள ரப்பர்கள் மட்டும் அடங்கிய ரிப்பேர் கிட். கிட் விலை மிகக் குறைவு என்பதால் ஆசை வரும். என் தீர்ப்பு இதுதான்: பிஸ்டன் ஓடும் துளையின் உட்சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தால் மட்டும் கிட் போடுங்கள். நகத்தில் தட்டும் கோடோ, துருப் புள்ளியோ இருந்தால் புது ரப்பரை அது சீக்கிரமே அறுத்துவிடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. ஆண்டுக்கணக்கில் மாற்றாத ஆயிலில் சேர்ந்த நீர், சிலிண்டரின் அடியில் தங்கி இரும்பை அரிக்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் வெளியிலிருந்தும் உப்புக்காற்று பைப் நட்டைத் துருவேற்றும். அதனால் பழைய வண்டிக்கு முழு சிலிண்டரே சரி.

சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் கதவும் கண்ணாடியும் வாங்கலாம். ஹைட்ராலிக் சிலிண்டரை வாங்காதீர்கள். உள்ளே உள்ள ரப்பரின் வயது வெளியே தெரியாது.

வாங்கும்போது காரின் மாடல், ஆண்டு, சேஸிஸ் எண் மூன்றையும் கையில் வைத்திருங்கள். துளையின் விட்டம் பல சிலிண்டர்களின் உடலிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அது பழையதோடு ஒத்துப்போக வேண்டும். 19.05 மி.மீ. துளைக்குப் பதிலாக 20.64 மி.மீ. துளை உள்ள சிலிண்டரைப் போட்டால், அதே பெடல் அமுக்கலுக்குக் கம்பி நகரும் தூரம் சுமார் 15 சதவீதம் குறைந்துவிடும். போல்ட் துளைகள் சரியாக உட்கார்ந்தாலும் கியர் உரசிக்கொண்டேதான் இருக்கும். புது சிலிண்டர் போட்டும் குறை தீராத வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டிய இடங்களில் இதுவும் ஒன்று.

மாஸ்டரும் ஸ்லேவும் ஒரே வயதுடையவை. ஒரே ஆயிலில் ஊறியவை. ஒன்றின் ரப்பர் போயிருந்தால் மற்றதையும் சந்தேகத்தோடு பாருங்கள். நாலாவது சோதனையில் கொஞ்சம் ஈரம் தெரிந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. நெகிழ்வான ரப்பர் ஹோஸில் வெடிப்போ வீக்கமோ இருந்தால் அதையும் வாங்கிவிடுங்கள்.

ஆயில்: டப்பா மூடியில் எழுதியிருப்பதையே வாங்குங்கள். பெரும்பாலும் டாட் 3 அல்லது டாட் 4. சீல் உடைக்காத புதிய அரை லிட்டர் பாட்டில் போதும், மிஞ்சும். பெயரைப் பார்த்து ஏமாந்து டாட் 5 வாங்காதீர்கள். அது சிலிகோன் வகை, மற்றவற்றோடு கலக்கக் கூடாது. சில வெளிநாட்டுக் கார்களில் மினரல் ஹைட்ராலிக் ஆயில் மட்டுமே போட வேண்டும் என்று மூடியில் இருக்கும். அதை மீறாதீர்கள். மற்ற கார்களில் எஞ்சின் ஆயில், டீசல், மண்ணெண்ணெய் எதுவும் ஒரு சொட்டுக்கூட உள்ளே போகக் கூடாது. ரப்பர் சீல்கள் உப்பிப் போய், மாஸ்டர் முதல் ஹோஸ் வரை எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும். பிரேக்கோடு ஒரே டப்பா உள்ள காரில் பிரேக்கும் போய்விடும்.

கருவிகள்

12 மி.மீ. சாக்கெட், ராட்செட், நீட்டுக் கம்பி. பைப் நட்டுக்கு 10 மி.மீ. பைப் ஸ்பேனர், அதாவது ரிங் ஸ்பேனரைப் போல் நட்டைச் சுற்றிப் பிடிக்கும், ஆனால் குழாய் நுழைய ஒரு பக்கம் திறந்திருக்கும் ஸ்பேனர். காற்றை வெளியேற்றும் ப்ளீடர் நிப்பிளுக்கு 8 அல்லது 10 மி.மீ. ரிங் ஸ்பேனர். நிப்பிளில் இறுக்கமாக உட்காரும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டியூப் அரை மீட்டர், கழுவிக் காயவைத்த கண்ணாடி பாட்டில், ஊசியில்லாத பெரிய சிரிஞ்ச், பனியன் வேஸ்ட், கையுறை, கண்ணாடி, ஒரு வாளித் தண்ணீர்.

எண்கள் காருக்குக் கார் மாறும். முதலில் அளந்து பாருங்கள்.

பைப் ஸ்பேனரை மட்டும் விட்டுவிடாதீர்கள். சாதாரண ஓப்பன் ஸ்பேனர் இரண்டு முகங்களை மட்டுமே பிடிக்கும். துருவேறிய நட்டு மென்மையான உலோகம். ஒரு தடவை முனை மழுங்கினால் குழாயையே வெட்டிப் புதிது போட வேண்டும்.

உயிருக்கான விதிகள்

* சமதளமான சிமென்ட் தரையில் நிறுத்துங்கள். மண் தரை, சரிவு, சாலையோரம் வேண்டாம்.
* கை பிரேக் போட்டு, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள்.
* காரோடு வந்த ஜாக்கி டயர் மாற்ற மட்டுமே. அடியில் போக வேண்டிய வேலைக்கு ஜாக்கி ஸ்டாண்ட் இரண்டு கட்டாயம். செங்கல், ஹாலோ பிளாக், அடுக்கிய கல் எதையும் நம்பாதீர்கள். அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும். ஸ்டாண்டில் இறக்கியபின் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் அடியில் போகாதீர்கள்.
* எஞ்சின் ஆறட்டும். சைலன்சர் பைப் சில கார்களில் இந்த சிலிண்டருக்கு மிக அருகில் ஓடுகிறது.
* பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரின் கம்பிகள் பக்கத்தில் இருக்கலாம்.
* பெல் ஹவுசிங் துளைக்குள் காற்றடித்துத் தூசியைக் கிளப்பாதீர்கள். பழைய கிளட்ச் பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடையுங்கள்.
* பிரேக் ஆயில் கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். துடைத்தால் பரவும், பெயின்ட்டும் கரைந்து வரும்.

கழற்றுதல்

பைப் நட்டு துருவேறியிருந்தால், முந்தின நாள் இரவே துரு இளக்கும் ஸ்ப்ரேயை நட்டில் மட்டும் கொஞ்சமாகத் தடவிவையுங்கள். ரப்பரில் படக் கூடாது.

1. சிலிண்டரையும் குழாய் முனையையும் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள். குழாய்க்குள் போகும் ஒரு மணல் துகள் புது சீலைக் கீறப் போதும்.

2. டப்பாவில் உள்ள பழைய ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள். பிரேக்கோடு சேர்ந்த டப்பா என்றால் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே இறக்காதீர்கள். பிரேக் குழாய்க்குள் காற்று போனால் அது வேறு வேலை, ஆபத்தான வேலை.

3. சிலிண்டர் இன்னும் போல்ட்டில் இறுகியிருக்கும்போதே பைப் நட்டைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். போல்ட்டை முதலில் கழற்றினால் சிலிண்டர் கையில் ஆடும், நட்டில் பிடி கிடைக்காது, குழாய் முறுகும். பலர் தடுமாறுவது இந்த வரிசையில்தான்.

4. உலோகக் குழாய்க்குப் பதில் ரப்பர் ஹோஸ் நேரடியாகச் சிலிண்டரில் திருகியிருந்தால், ஹோஸை அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு, சிலிண்டரைக் கழற்றி, சிலிண்டரைச் சுழற்றி எடுங்கள். ஹோஸைச் சுழற்றினால் முறுகி உள்ளே கிழியும்.

5. அடியில் பாத்திரம் வைத்துவிட்டு நட்டை முழுதாகக் கழற்றுங்கள். குழாய் முனைக்கு உடனே ரப்பர் மூடி போடுங்கள்.

6. இரண்டு போல்ட்டுகளையும் மாறி மாறித் தளர்த்துங்கள். உள்ளே உள்ள ஸ்பிரிங் பிஸ்டனையும் கம்பியையும் வெளியே தள்ளும். கையால் தாங்கிப் பிடியுங்கள்.

*எச்சரிக்கை:* சிலிண்டர் கழன்றிருக்கும்வரை யாரும் கிளட்ச் பெடலைத் தொடக் கூடாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் கார் கதவைப் பூட்டிவிடுங்கள்.

சிலிண்டர் வெளியே வந்ததும் ஃபோர்க்கில் கம்பி அமரும் குழியைப் பாருங்கள். குழி ஓட்டையாகத் தேய்ந்திருந்தாலோ, ஃபோர்க் வளைந்திருந்தாலோ புது சிலிண்டர் மட்டும் உதவாது.

மாட்டுதல்

1. பழையதையும் புதியதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். போல்ட் துளைகளின் இடைவெளி, குழாய் மரை, கம்பியின் நீளம், துளையின் அளவு நான்கும் ஒத்திருக்க வேண்டும்.

2. சில புது சிலிண்டர்களில் கம்பியை உள்ளே பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் பட்டை இருக்கும். அதை வெட்டாதீர்கள். பொருத்தியபின் முதல் அமுக்கலில் தானே அறும்படி செய்தது அது.

3. சிலிண்டரின் குழாய்த் துளை வழியாகச் சிரிஞ்சால் புது பிரேக் ஆயிலை மெதுவாக நிரப்புங்கள். இப்போதே கொஞ்சம் காற்று வெளியேறினால் பிறகு மிச்சமாகும் நேரம் அதிகம்.

4. கம்பியின் நுனியில் பயறு அளவு கிரீஸ் தடவுங்கள். பிஸ்டன் பக்கம் படக் கூடாது. சிலிண்டருக்குள் பிரேக் ஆயிலைத் தவிர வேறெந்த வழவழப்பும் வேண்டாம்.

5. சிலிண்டர் தளர்வாக இருக்கும்போதே பைப் நட்டைக் கை விரலால் மட்டும் திருகுங்கள். மூன்று நான்கு சுற்றாவது விரலாலேயே போக வேண்டும். தடங்கினால் வற்புறுத்தாதீர்கள், மரை கோணலாக ஏறுகிறது. பின்வாங்கி மறுபடி தொடங்குங்கள்.

6. கம்பி நுனியை ஃபோர்க் குழியில் உட்காரவைத்து, சிலிண்டரைத் தள்ளிப் பிடித்து இரண்டு போல்ட்டுகளையும் விரலால் திருகி, மாறி மாறி இறுக்குங்கள். ப்ளீடர் நிப்பிள் பழைய சிலிண்டரில் இருந்த அதே திசையில், மேல்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

7. கடைசியாகப் பைப் நட்டை இறுக்குங்கள். டார்க் ரெஞ்ச் இருந்தால் பல கார்களில் பைப் நட்டுக்குச் சுமார் 15 நியூட்டன் மீட்டர், ப்ளீடர் நிப்பிளுக்கு 8 முதல் 10. போல்ட்டை இறுக்கும் அளவு காருக்குக் கார் வெகுவாக மாறும், புத்தகத்தைப் பாருங்கள். வளையமும் நடுவே துளைபோட்ட போல்ட்டும் உள்ள இணைப்பு என்றால், இரண்டு பக்கமும் புதிய செம்பு வாஷர் போடாமல் இறுக்காதீர்கள்.

ஏர் எடுத்தல்

இங்கேதான் அவசரம் ஆகாது. காற்று அழுத்தினால் சுருங்கும், பிரேக் ஆயில் சுருங்காது. குழாயில் ஒரு சிறு குமிழி மிச்சமிருந்தாலும் பெடலின் உழைப்பு அந்தக் குமிழியைச் சுருக்குவதில் வீணாகிவிடும். புது சிலிண்டர் போட்டும் “முன்பைவிட மோசமாக இருக்கிறது” என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்தப் படியைப் பாதியில் விட்டவர்களே.

முதலில் ஆயிலைத் தானே இறங்க விடுங்கள். டப்பாவை நிரப்பி, மூடியைத் தளர்வாக வைத்து, நிப்பிளில் டியூபை மாட்டி, டியூபின் மறுமுனை பாட்டிலில் உள்ள கொஞ்சம் புது ஆயிலுக்குள் மூழ்கும்படி வையுங்கள். நிப்பிளை ஒரு சுற்றுத் திறந்து பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருங்கள். ஆயில் தன் எடையிலேயே இறங்கிப் பெரும்பகுதிக் காற்றைத் தள்ளிவிடும். டப்பா காலியாகாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே உங்கள் வேலை. பிறகு நிப்பிளை மூடிவிட்டு, இருவர் சேர்ந்து செய்யும் முறைக்கு வாருங்கள்.

1. உதவியாளர் ஓட்டுநர் இருக்கையில், நீங்கள் நிப்பிளருகே. “அமுக்கு”, “பிடி”, “விடு” என்ற மூன்று சொற்களை மட்டும் பேசிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் அவர் உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

2. “அமுக்கு.” அவர் மெதுவாக, முழுதாக அமுக்குகிறார். “பிடி.” கால் அசையக் கூடாது.

3. நிப்பிளைக் கால் சுற்றுத் திறவுங்கள். குமிழியோடு ஆயில் வரும். பெடல் தரைக்குப் போகும்.

4. நிப்பிளை மூடுங்கள். மூடிய பிறகே “விடு” சொல்லுங்கள். மூடுமுன் காலை எடுத்தால், அமுக்கி வெளியேற்றிய காற்று அப்படியே திரும்ப உள்ளே போகும்.

5. பெடல் தானே மேலே வராமல் தரையிலேயே கிடக்கலாம். பயப்பட வேண்டாம், காலைக் கொடுத்துத் தூக்கிவிடச் சொல்லுங்கள். அடுத்த அமுக்கலுக்கு முன் சில விநாடி விடுங்கள்.

6. நாலைந்து முறைக்கு ஒருமுறை டப்பாவை நிரப்புங்கள். டப்பா ஒருமுறை வற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

7. குமிழி நின்று, நிறம் மாறித் தெளிந்த ஆயில் தொடர்ந்து வரும்வரை செய்யுங்கள். அதன்பிறகும் இன்னும் சில முறை செய்யுங்கள்.

படபடவென்று பெடலை அடிக்கச் சொல்லாதீர்கள். ஆயில் நுரைத்துப் பெரிய குமிழிகள் ஆயிரம் சின்னக் குமிழிகளாக உடையும்; அவை வெளியே வர வெகு நேரம் பிடிக்கும். வெளியே வந்த ஆயிலை, அது எவ்வளவு தெளிவாக இருந்தாலும், மறுபடி டப்பாவில் ஊற்றாதீர்கள்.

பிடிவாதமான காற்று

எவ்வளவு செய்தும் பெடல் பஞ்சாகவே இருந்தால், சிலிண்டருக்குள் நிப்பிளைவிட உயரமான மூலையில் காற்று ஒளிந்திருக்கிறது. குழாயைக் கழற்றாமல் இரண்டு போல்ட்டை மட்டும் கழற்றுங்கள். குழாய் வளையாத அளவுக்குச் சிலிண்டரைச் சாய்த்து, நிப்பிளும் குழாய் முனையும் மேலே இருக்கும்படி பிடியுங்கள். நிப்பிள் மூடியிருக்கட்டும். கம்பியைக் கட்டை விரலால் மெதுவாக உள்ளே தள்ளித் தள்ளி விடுங்கள். காற்று குழாய் வழியே ஏறி டப்பாவில் குமிழியாக வெடிப்பதை உதவியாளர் பார்த்துச் சொல்வார். குமிழி நின்றதும் மறுபடி மாட்டுங்கள். இந்த நேரத்தில் பெடலை யாரும் தொட்டால் பிஸ்டன் வெளியே வந்து விழும்.

துணைக்கு ஆள் இல்லாதவர்கள் சிரிஞ்சால் நிப்பிள் வழியாகக் கீழிருந்து மேலே புது ஆயிலை ஏற்றலாம். காற்றுக்கு மேலே ஏறுவதே இயல்பு என்பதால் இது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் குழாயில் பழைய அழுக்கு ஆயில் இருக்கும்போது செய்தால் அழுக்கு முழுவதும் மாஸ்டருக்குப் போகும். முதலில் பழையதை வெளியேற்றிவிட்டே செய்யுங்கள். டப்பா வழிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.

பெடலின் தளர்வு

பெடலை விரலால் தள்ளினால், கனம் தெரியுமுன் கொஞ்சம் தளர்வாக நகர வேண்டும். பல கார்களில் இது 5 முதல் 15 மி.மீ. வரை. மாஸ்டரின் கம்பியில் உள்ள நட்டைத் தளர்த்தி, கம்பியைச் சுழற்றி இதைச் சரிசெய்யலாம். கியர் இன்னும் நன்றாக விழட்டும் என்று எண்ணி இந்தத் தளர்வை முழுதாக எடுத்துவிடாதீர்கள். தளர்வே இல்லாவிட்டால் மாஸ்டருக்குள் ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் சிறு துளை மூடியே கிடக்கும். எஞ்சின் சூடாகும்போது அழுத்தம் தங்கி, கிளட்ச் வழுக்கி, நல்ல பிளேட் கருகிப்போகும்.

ஓட்டிப் பார்த்தல்

பேட்டரியை மாட்டி, கருவிகளை எண்ணி எடுத்து, வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்குங்கள். முதல் ஸ்டார்ட் கட்டாயம் நியூட்ரலில். கிளட்ச் விடுபடாத நிலையில் கியரில் ஸ்டார்ட் செய்தால் வண்டி துள்ளிப் பாயும்.

எஞ்சின் ஓடும்போது பெடலை முழுதாக அமுக்கி, மூன்று நான்கு விநாடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். சத்தமில்லாமல் விழ வேண்டும். பல கார்களில் ரிவர்ஸுக்கு, கியர்களின் வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோமெஷ் கிடையாது. அதனால் கிளட்ச் கொஞ்சம் இழுத்தாலும் முதலில் காட்டிக்கொடுப்பது ரிவர்ஸ்தான். பிறகு தெருவுக்குள் மெதுவாக ஓட்டி எல்லாக் கியரையும் ஏற்றி இறக்குங்கள். திரும்பி வந்ததும் பைப் நட்டு, நிப்பிள், ரப்பர் உறை மூன்றையும் உலர்ந்த பனியன் வேஸ்ட்டால் துடைத்து ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். பிரேக்கோடு சேர்ந்த டப்பா உள்ள கார் என்றால் தெருவில் இறங்குமுன் பிரேக் பெடல் கெட்டியாக இருக்கிறதா என்பதையும் உறுதி செய்யுங்கள்.

பெடல் கெட்டியாக இருக்கிறது, கம்பி சரியான தூரம் போகிறது, ஆனாலும் ஒரே ஒரு கியர் மட்டும் உரசுகிறது என்றால் அந்தக் கியரின் சிங்க்ரோனைசர் தேய்ந்திருக்கலாம். எல்லாக் கியரும் உரசினால் பிரஷர் பிளேட்டோ ஃபோர்க்கோ பார்க்கப்பட வேண்டும். இரண்டும் ஒர்க்‌ஷாப் வேலை.

பழைய ஆயிலை சாக்கடையிலோ செடியடியிலோ ஊற்றாதீர்கள். எஞ்சின் ஆயிலோடு கலக்காமல் தனி பாட்டிலில் அடைத்து, பேர் எழுதி, கழிவு ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். மிஞ்சிய புது ஆயிலும் திறந்த பாட்டிலில் ஈரம் வாங்கிக்கொண்டே இருக்கும். மாதக்கணக்கில் வைத்திருந்து பயன்படுத்த வேண்டாம்.

அடுத்த ஒரு வாரம் தினமும் காலையில் டப்பாவின் அளவைப் பாருங்கள். கிலோமீட்டரையும் தேதியையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதுங்கள். கார் நிறுவனம் வேறு காலம் சொல்லியிருந்தாலன்றி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இந்த ஆயிலை மாற்றுங்கள். நீங்கள் இப்போது போட்ட சிலிண்டரின் ஆயுளைத் தீர்மானிப்பது அந்த ஆயில்தான்.